அமில ஜாஸ் கலியமூர்த்தி

புதிதாக ரெக்கார்டு வாங்கியவரின் வீட்டுக்குத் தெரியாத்தனமாகப் போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கு உண்டா? இல்லையென்றால் உங்கள் ஜாதகம் நல்ல ஜாதகம். ஆனாலும் படித்துவையுங்கள். ஜாதகத்தை நம்பி எத்தனை நாள் ஓட்ட முடியும்?

பாட்டுக் கேட்பவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவர்கள் சாதுக்கள். காதில் எதையோ செருகிக்கொண்டு, தில்லி மெட்ரோவில் தலையை ஆட்டிவிட்டு, ராஜீவ் சௌக்கில் இறங்கிப் போய்விடுவார்கள். நாம் பார்க்கப்போவது முதல் அபிப்பிராயக்காரர் என்கிற தனி இனம். இவர் ரெக்கார்டு வாங்குவது கேட்பதற்காக, கேட்பது சொல்வதற்காக, சொல்வதோ நீங்கள் எழுந்து போக முடியாதபடி வாசல் பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு. பாட்டு மூன்று நிமிஷம் ஓடும். அபிப்பிராயம் முப்பது நிமிஷம் ஓடும். பாட்டையாவது நிறுத்தலாம்.

மாதிரிக்கு ஒருவரைப் பார்ப்போம். பெயர் கலியமூர்த்தி, வயது ஐம்பத்து நான்கு, சொந்த ஊர் மயிலாடுதுறைக்குப் பக்கம். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் துணை மேலாளர். கரோல் பாக்கில் இரண்டாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறார். ஐந்து வருஷம் முன்புவரை பழைய சினிமாப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஷேவ் செய்துகொள்ளும் சாதாரண மனிதராகத்தான் இருந்தார். ஆபீஸில்தான் கெடுத்தார்கள். பன்னிரண்டு நாள் பயிற்சிக்கு மான்செஸ்டருக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே என்ன பயிற்சி பெற்றார் என்று ஆபீஸுக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி வரும்போது பெட்டியில் மனைவி அகல்யாவுக்கு ஒரு ஸ்வெட்டர், மகள் இளவரசிக்கு ஒரு சாக்லேட் டப்பா, தனக்கு மூன்று இசைத்தட்டுகள். ஸ்வெட்டர் சின்னது. சாக்லேட் உருகியிருந்தது. தட்டுகள் மட்டும் கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தன.

அந்தத் தட்டுகள் ஃபங்க், ஆசிட் ஜாஸ் என்ற இரண்டு வகை இசையைச் சேர்ந்தவை. ஃபங்க் என்பது அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள், கேட்கிறவன் இடுப்பு சும்மா இருக்கக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு வாசித்தது. பின்னால் லண்டன்காரர்கள் அதையும் ஜாஸையும் ஒன்றாகப் போட்டுக் குலுக்கியது ஆசிட் ஜாஸ். இரண்டும் அருமையான சங்கதிகள்தாம், அதில் நமக்குத் தகராறு இல்லை. தகராறு எங்கே வந்தது என்றால், கலியமூர்த்தி இவற்றைப் பற்றித் தமிழில் எழுதத் தொடங்கிய இடத்தில்.

'தில்லி இசைத்தட்டு அன்பர்கள்' என்று ஒரு வாட்ஸப் குழு. அன்பர்கள் நாற்பத்தோரு பேர். அவர்களில் ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் ஆறு பேர். ஃபங்க் பற்றி அவர் எழுதிய முதல் கட்டுரையைப் படித்துவிட்டு ஊரிலிருந்து மச்சினன் போன் போட்டு, "எந்த பங்க் மாமா? பெட்ரோல் பங்க்கா? ஏஜென்சி எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டான். ஆசிட் ஜாஸை அவர் 'அமில ஜாஸ்' ஆக்கினார். ஆட வைக்கும் தாள ஓட்டத்தைக் குறிக்கும் க்ரூவ் என்ற சொல்லுக்கு மூன்று நாள் யோசித்து 'பள்ளம்' என்று கண்டுபிடித்தார். 'இந்தத் தட்டில் பள்ளம் மிக ஆழமாக இருக்கிறது' என்று அவர் எழுதியதற்கு, துவாரகாவில் இருக்கும் இராஜமாணிக்கம் என்ற அன்பர், 'எங்கள் தெருவிலும் அப்படித்தான் சார், நேற்று ஸ்கூட்டர் இறங்கிவிட்டது' என்று வருத்தத்தோடு பதில் போட்டார்.

இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை அவர். இந்த இனத்தின் முதுகெலும்பே அதுதான்: சொன்ன அபிப்பிராயத்தை மாற்றுவதில்லை. ஒருமுறை ஒரு தட்டில் கீறல் விழுந்து, முள் ஒரே இடத்தில் சிக்கி, ஒரே துண்டு பதினொரு நிமிஷம் திரும்பத் திரும்ப வந்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், 'திரும்பச் சொல்வதன் மூலம் தியானத்தை எட்டும் படைப்பு' என்று எழுதிப் போட்டுவிட்டார். கீறலை அகல்யா காட்டியபோது ஒரு கணம் முழித்தார். பிறகு, "கீறலும் இசைதான்" என்றார். அந்த வரியையும் எழுதிப் போட்டார். ஒன்பது பேர் கைகூப்பினார்கள்.

இன்னொரு குணம், யாராவது "இது நல்லா இருக்கும், கேளுங்க" என்று ஒன்றைக் கையில் கொடுத்தால் தீர்ந்தது கதை. அந்தத் தட்டு உறையை விட்டு வெளியே வராது. தாமே தேடி, தாமே தூசி தட்டி, கடையின் அடி அடுக்கிலிருந்து தாமே உருவி எடுத்தால்தான் அது ரத்தினம். மேலடுக்கில் இருப்பதெல்லாம் அவருக்குக் குப்பை.

இந்தக் குணம் இளவரசிக்கு நன்றாகத் தெரியும். அவள்தான் இந்தக் கதையில் மாட்டிக்கொண்டவள்.

இருபத்து மூன்று வயது. தில்லியிலேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கச் சொன்னால் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிக் கூட்டி, வாக்கியம் முடிவதற்குள் முதல் சொல்லை மறந்துவிடுவாள். அப்பாவின் கட்டுரைகளை அம்மாதான் வாசித்துச் சொல்ல வேண்டும். ஆனால் பாடுவாள். இரண்டு வருஷமாக லாஜ்பத் நகரில் ஒரு நண்பன் வீட்டு பேஸ்மென்டில் நாலு பேரோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள், கலியமூர்த்தியோ மகள் பேங்க் பரீட்சைக்குக் கம்பைண்ட் ஸ்டடி போவதாக நினைத்துக்கொண்டிருந்தார். படிக்கவும் படித்தாள். பரீட்சையும் பாஸ். குருகிராமில் ஒரு பேங்கில் திங்கட்கிழமை சேர வேண்டும். அதே திங்கட்கிழமை அவளுடைய குழு ஆறு மாத ஒப்பந்தத்தில் மும்பைக்கு ரயில் ஏறுகிறது.

"அப்பாக்கு என் பாட்டு பிடிச்சா மும்பை. பிடிக்கலன்னா பேங்க். கசம் சே, சத்தியமாச் சொல்றேன்மா, அழமாட்டேன்" என்றாள் அம்மாவிடம்.

"நேரா போய்ப் பாடிக் காட்டேன்டி."

"நான்னு தெரிஞ்சா உண்மை வராதும்மா. நல்லாருக்கு கண்ணுன்னு சொல்லிட்டு மத்தியானம் தூங்கிடுவார். மத்லப்... அதாவது, அவர் ஒரு ஸ்ட்ரேஞ்சரைக் கேக்கற மாதிரி என்னைக் கேக்கணும்."

குழு சொந்தச் செலவில் நாலு பாட்டுகளோடு ஒரு தட்டு போட்டிருந்தது. எழுபதுகளில் வந்த தட்டு மாதிரி இருக்கட்டும் என்று உறையில் பழுப்பு நிறம், மூலையில் ஒரு மடிப்பு, முன்பக்கம் பெரிய மஞ்சள் சூரியன். வெள்ளிக்கிழமை இளவரசி அதை எடுத்துக்கொண்டு பழைய தில்லியில் அப்பா வழக்கமாகப் போகும் சந்துக் கடைக்குப் போனாள். கடைக்காரப் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, தட்டை வாங்கி, குனிந்து துழாவினால்தான் எட்டும் அடி அடுக்கில், யாரும் தொடாத பக்தி கேசட்டுகளுக்குப் பின்னால் செருகி, மேலே ஒரு பிடி தூசியையும் தூவினார். அவருக்கும் கலியமூர்த்தியைத் தெரியும் அல்லவா?

சனிக்கிழமை மாலை, முழங்கை வரைக்கும் தூசியோடு, நாலு தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு கலியமூர்த்தி படியேறி வந்தார். "நாலு ரத்தினம், அகல்யா! அடி அடுக்குலேர்ந்து எடுத்தேன்!" நாலாவதாக இருந்தது மஞ்சள் சூரியன். இளவரசி அதை ஓரக்கண்ணால் பார்த்தாள். சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. புதுத் தட்டை முதல்முறை கேட்பதற்கு அதுதான் நேரம். குளித்து, வேட்டி மாற்றி, உறையை முகர்ந்து பார்த்து (எந்த வருஷத்து அட்டை என்று வாசனையிலேயே தெரியுமாம்), தட்டை வெல்வெட்டுப் பிரஷால் துடைத்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். உறையின் பின்பக்கத்தைப் படிக்கமாட்டார். யார் வாசித்தது, எந்த ஊர் என்று தெரிந்தால் காது சோம்பேறி ஆகிவிடும் என்பது அவர் கட்சி. தட்டு ஓடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. அகல்யாவுக்கு மட்டும் விதிவிலக்கு, குக்கர் விசிலை அவளால் தடுக்க முடியாது.

முதல் தட்டு ஃபங்க். வெள்ளி நிற உடுப்பில் ஏழு பேர் படிக்கட்டில் நிற்கும் படம். கேட்டு முடித்ததும் அபிப்பிராயம் வந்தது: "டிரம்பெட் எல்லாம் வாசல்ல நின்னு கூப்பிடுறாங்க. பேஸ் கிட்டார்காரன் மட்டும் கேக்காம உள்ளே வந்து உக்காந்துட்டான்." உண்மையைச் சொன்னால், நல்ல வரிதான். இந்த இனத்தோடு உள்ள தொல்லையே அதுதான், பத்துக்கு ஒன்று நன்றாகச் சொல்லித் தொலைப்பார்கள்.

இரண்டாவது அமில ஜாஸ். புல்லாங்குழலும் மென்மையான கீபோர்டும். "லண்டன் மழையின் ஈரம்" என்றார் கலியமூர்த்தி.

"போன மாசம் பல் பிடுங்கப் போனப்ப கிளினிக்ல இதுதாங்க ஓடிச்சு" என்றாள் அகல்யா சமையலறையிலிருந்து. "இப்பக் கேட்டாலும் கடவாய்ப்பல் வலிக்குது."

மூன்றாவது தட்டைப் பற்றி அவர் பேசியதை எழுத இங்கே இடம் போதாது. இளவரசி சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, நகத்தைக் கடித்து, பத்து விரலையும் முடித்துவிட்டாள்.

நாலாவது தட்டு. முள் இறங்கியது. கரகரவென்று ஒரு சத்தம், பிறகு டிரம்.

இளவரசி நிமிர்ந்து உட்கார்ந்தாள். டிரம் அவளுக்குத் தெரிந்த டிரம் இல்லை. யாரோ தூக்கக் கலக்கத்தில் ஒவ்வோர் அடியாக யோசித்து யோசித்து அடித்தார்கள். பிறகு குரல் வந்தது. அவளுடைய குரல்தான், ஆனால் அடித்தொண்டையில் இறங்கி, கனத்து, முழு ஆண்பிள்ளையாகி, பாரம் ஏற்றிய லாரி மேட்டில் ஏறுகிற மாதிரி வந்தது. அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பெரிய தட்டுகள் பொதுவாக நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்று ஓடும். சிலவற்றை, சத்தம் திடமாக இருக்கட்டும் என்று, நாற்பத்தைந்து சுற்றில் ஓடும்படி போடுவார்கள். இவள் தட்டு நாற்பத்தைந்து. கலியமூர்த்தி முப்பத்து மூன்றில் வைத்திருந்தார். எழுதியிருந்தது தட்டின் நடுவில். கண்ணாடி இருந்தது மேஜைமேல்.

"அப்பா..."

அவர் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலை உயர்த்தினார்.

அகல்யா கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்து, கேட்டுவிட்டு, மகள் காதருகே குனிந்து கிசுகிசுத்தாள்: "பாடின அன்னிக்கு உனக்குத் தொண்டை கட்டியிருந்துச்சாடி?"

வேகத்தைச் சொல்லிவிடலாம். சொன்னால், 'உனக்கெப்படித் தெரியும்?' என்று வரும். சொல்லாவிட்டால் நாளைக்கு பேங்க். இந்த இழவெடுத்த இழுவை யாருக்குப் பிடிக்கும்? இளவரசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தாளே என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. கலியமூர்த்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆம், துடைத்துக்கொண்டார். போனை எடுத்து, மூக்குக்கு அருகில் பிடித்துக்கொண்டு, பத்து நிமிஷம் தட்டினார். அகல்யாவின் போன் கிணுகிணுத்தது. மகளுக்காக அவள் வாசித்தாள், அவருக்கோ தம் வரிகளைத் தம் முன்னாலேயே வாசிக்கிறார்களே என்று பெருமை தாங்கவில்லை.

"'அன்பர்களே, இன்று ஒரு மகா குரலைக் கேட்டேன். அறுபது வயதைத் தாண்டிய ஆண் குரல். மகளைத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டுத் தனியே உட்கார்ந்திருக்கும் தகப்பன் ஒருவனின் துயரம் இதில் இருக்கிறது. எதற்கும் அவசரப்படாத நிதானம். அமில ஜாஸ் கேட்டு இதுவரை நான் அழுததில்லை. இப்படிப்பட்ட ஒருவர் பாடுவதை விட்டு வேறு உத்தியோகத்துக்குப் போயிருந்தால் அதைப் போல ஒரு பாவம் இல்லை. இவரைத் தடுக்காமல் விட்ட குடும்பத்தாருக்கு என் வணக்கம்.'" அகல்யா போனை இறக்கினாள். "அறுபதா?" என்றாள் மெதுவாக.

இளவரசிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிடித்திருக்கிறது. அப்பாவுக்கு இவ்வளவு பிடித்து அவள் பார்த்ததே இல்லை. ஆனால் யாரைப் பிடித்திருக்கிறது? எந்தக் கிழவரை?

அந்தச் சமயத்தில் கதவு தட்டப்பட்டது. வந்தவர் கீழ்மாடி பெலிக்ஸ். தூத்துக்குடிக்காரர். சர்ச் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவர். பூசை முடிந்து வந்து சட்டைகூட மாற்றியிருக்கவில்லை. அவரிடம் அபிப்பிராயம் எதுவும் கிடையாது. காதுதான் உண்டு.

"என்ன அண்ணாச்சி, உங்க வீட்ல மட்டும் வோல்டேஜ் கம்மியா? கீழ ஃபேன்லாம் நல்லாத்தான் ஓடுது. பாட்டு ஏன் அப்படி இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு?"

"பெலிக்ஸ், அது இழுக்கல. அது நிதானம்."

"நிதானம் சரி அண்ணாச்சி. ஆனா டிரம் அடிக்கவன் கை அவ்வளவு நேரம் மேலயே நிக்காதுல்லா?" பெலிக்ஸ் பிளேயர் பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். "ஏ, இது நாப்பத்தஞ்சுல ஓடுத தட்டுல்லா. இந்தா, நடுவுல எழுதியிருக்கு பாருங்க." அவர் பொத்தானை அழுத்தி, முள்ளைத் தூக்கி ஓரத்தில் வைத்தார்.

டிரம் துள்ளி எழுந்தது. பேஸ் கிட்டார் ஓடிவந்து சேர்ந்துகொண்டது. அறுபது வயதுக்காரர் ஒரே நொடியில் இருபத்து மூன்று வயதுப் பெண்ணாகி, மூச்சு விடாமல், கேலியும் கொண்டாட்டமுமாகப் பாட ஆரம்பித்தார். பெலிக்ஸின் கால் தானாகத் தாளம் போட்டது.

"இதுதான்! இப்பதான் நம்ம புள்ள குரல்!" என்று கத்திவிட்டு, அகல்யா கரண்டியோடு சேர்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

கலியமூர்த்தி மகளைப் பார்த்தார். மேஜைமேல் துழாவிக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். தம் வாழ்நாளில் முதல்முறையாக, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தார். கடைசி வரியில், பொடி எழுத்தில், குரல்: இளவரசி கலியமூர்த்தி. தம் பெயர் ஒரு ரெக்கார்டு உறையில் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமும் அவ்வளவு வெட்கமும் ஒரே நேரத்தில் வந்தால் ஐம்பத்து நான்கு வயது மனிதர் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவார்? உறையின் பக்கமே திருப்பிக்கொண்டார்.

"நீயாம்மா?" என்றார்.

"நான்தாம்பா."

இந்த இடத்தில் வேறு எந்தத் தகப்பனாக இருந்தாலும் எழுந்துபோய் மகள் தலையில் கை வைத்திருப்பார். இவரும் எழுந்தார், இரண்டடி நடந்தார், அதற்குள் இனத்தின் ரத்தம் பேசிவிட்டது. "நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. ஆனா முதல்ல கேட்டப்ப இருந்த அந்தக் கனம்..."

"அண்ணாச்சி!" என்றார் பெலிக்ஸ்.

கலியமூர்த்தி கையிலிருந்த போன் விடாமல் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. பதினேழு பேர் கைகூப்பியிருந்தார்கள். இராஜமாணிக்கம், 'அந்தப் பெரியவர் இன்னும் இருக்கிறாரா?' என்று கேட்டிருந்தார்.

இளவரசி போனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "எழுதினதை டிலீட் பண்ணப் போறீங்களாப்பா?"

கலியமூர்த்தியின் கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. அழித்தால், தவறு என்று நாற்பத்தோரு பேருக்கும் தெரியும். விட்டால், எழுதியது நிற்கும்.

"நான் எழுதினதை மாத்தி நீ பாத்திருக்கியா?"

"இல்ல."

"மாத்தமாட்டேன். ஒரு வரிகூட."

"அச்சா. அப்ப சரி." அவள் எழுந்து நின்றாள். "அந்தப் பெரியவர் நாளைக்குக் குருகிராம் பேங்க்ல சேரலைப்பா. மும்பை போறார். ஆறு மாசம். தடுக்காம விட்ட குடும்பத்துக்குத்தான் நீங்க வணக்கமே சொல்லிட்டீங்களே."

கலியமூர்த்தி வாயைத் திறந்தார். திறந்த வாயில் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து வருஷத்தில் அந்த வீட்டில் அப்படி ஒரு நிமிஷம் வந்ததே இல்லை என்று அகல்யா பிற்பாடு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் பெருங்காயம் வாங்கும்போதுகூட எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவரே ஆட்டோ பிடித்து மகளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டார். வழிநெடுக அபிப்பிராயம் சொன்னார், ரயில் பெட்டிகளின் தாளத்தைப் பற்றி.

இப்போது வாரம் ஒருமுறை அன்பர்கள் யாராவது அந்தத் தட்டைக் கேட்க வருகிறார்கள். வந்தவர்களுக்கு அதை முப்பத்து மூன்றில்தான் போட்டுக் காட்டுகிறார், எழுதியது எழுதியதுதானே. அவர்கள் படியிறங்கிப் போனதும் கதவைத் தாழ் போட்டுவிட்டு, நாற்பத்தைந்தில் வைத்து, முதல் பாட்டிலிருந்து நாலாவது வரைக்கும் கேட்கிறார். அதைப் பற்றி மட்டும் அவர் எங்கேயும் எழுதியதில்லை, யாரிடமும் பேசியதும் இல்லை.

என்ன, சிரிக்கிறீர்களா? இப்படி ஒருவரை உங்களுக்கும் தெரியும் என்கிறீர்கள். சித்தப்பாவோ, மேலதிகாரியோ, எதிர்வீட்டுக்காரரோ. ரொம்பச் சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன். கலியமூர்த்தி எப்படிப்பட்டவர், இதை யாருக்கு அனுப்பலாம், அனுப்பும்போது மேலே என்ன ஒரு வரி எழுதலாம் என்று நீங்கள் முடிவு செய்தது இப்போது படித்து முடித்த பிறகா, கதையில் அவர் மான்செஸ்டரிலிருந்து திரும்பி வந்து இறங்கும் முன்பேயா?